மாடி வீட்டு அக்காவின் இங்கிலீஷ்

என் அப்பா அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தார்?

அவர் சிரிக்காத மனிதர் என்று சொல்ல வரவில்லை. ரேடியோ நாடகத்துக்குச் சிரிப்பார். பேத்தி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் சிரிப்பார். ஆனால் இங்கிலீஷில் எழுதிய ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்து, தோள் குலுங்க அவர் சிரித்ததை அந்த ஒருநாள்தான் பார்த்தேன். அதை எழுதியது நான் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா. அதில் தப்பில்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கிலீஷில் எதை எழுதினாலும் அன்றே அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாலுக்கு உறை ஊற்றி வைக்கிற மாதிரி எழுத்தையும் ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் எடுத்துப் படித்து, திருத்தி, வேறு தாளில் நல்லபடியாக எழுதி, அதையும் ஒருமுறை படித்த பிறகுதான் மடிக்கலாம். எல்லாக் கடிதத்துக்கும் மூன்று பத்தி. முதல் பத்தியில் மரியாதை, இரண்டாவதில் நிலவரம், மூன்றாவதில் கேட்க வேண்டியது. எடுத்த எடுப்பில் கேட்கிறவனுக்கும் கையேந்துகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்பார். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தது அவருக்காகத்தான். ஹாஸ்டலிலிருந்து நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கின்றன. நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. எங்களுக்குக் கீழ் வீடு. மாடிக்கு அக்கா குடும்பம் குடிவந்தபோது என் மகள் கைக்குழந்தை. அக்காவின் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணியை நெசவுக்காரர்களிடம் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறவர். கணக்கு அவருடையது, எழுத்து அக்காவுடையது. அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவர். நல்ல உயரம். தலைக்குக் குளித்த நாளில் துண்டோடு சேர்த்து முடிந்த கொண்டையில் ஒரு பால்பாயிண்ட் பேனா செருகியிருக்கும்.

அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததே இல்லை. அரிசி டிரம்மின் மூடியில் வைத்து எழுதுவார். சுவரில் தாளை அழுத்திப் பிடித்து எழுதுவார். பள்ளிக்கூட ரிக்‌ஷாவில் ஏறப்போகும் பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவன் முதுகில் வைத்தே எழுதியதையும் பார்த்திருக்கிறேன். பையன் கூச்சத்தில் நெளிவான். "அசையாதலே, ஒங்க மிஸ்ஸுக்கு எழுத்து கோணப் போவுது" என்பார். எழுதி முடித்ததும் ஈரமே இல்லாத பால்பாயிண்ட் எழுத்தை ஃபூ என்று ஊதுவார். மடிப்பார். கொடுத்துவிடுவார். எழுதியதைத் திரும்ப ஒருதரம் படித்துப் பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஒருநாளும் இல்லை.

அந்த வருடங்களில் எங்கள் தெருவில் எல்லாருமே பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தோம். பெற்றவர்கள் எதைச் சொல்ல வேண்டுமானாலும் டைரியில் இங்கிலீஷில் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் விதி. தமிழில் எழுதினால் டைரி திரும்பி வந்துவிடும். தெருவில் பாதித் தாய்மார்கள் தமிழில் படித்தவர்கள், மீதிப் பேர் படிப்பை விட்டு நாளானவர்கள். காலையில் ரிக்‌ஷா வருவதற்கு முன் டைரியும் கையுமாக ஓடிவருவார்கள். என் வாசலைத் தாண்டித்தான் மாடிப்படி. இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நிற்கிறேன், எனக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு மேலே ஏறுவார்கள்.

ஆரம்பத்தில் என்னிடமும் வந்தார்கள்தான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் லீவ் லெட்டர் கேட்டார். நான் சாயங்காலம் தருகிறேன் என்றேன். "ஐயோ, ரிக்‌ஷாக்காரன் மணியடிக்கானே" என்று அவர் மாடிக்குப் போனார். அதோடு சரி.

அக்கா எழுதும் லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று மட்டும் இருக்காது. அய்யனார் கோவில் அருவிக்குப் போனது, வேண்டாம் என்று சொல்லியும் பையன் இறங்கிக் குளித்தது, அவன் தாத்தா திட்டியது, மூக்கு ஒழுகுவது எல்லாம் இருக்கும். அந்த இங்கிலீஷை அப்படியே வாய்விட்டுப் படித்தால் தமிழில் பேசுகிற மாதிரியே கேட்கும். டீச்சர்கள் அந்த டைரிகளை ஸ்டாஃப் ரூமில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கேலிக்காகக் காட்டுகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அருவிக்குப் போன பையனிடம் டீச்சர் "சளி எப்படி இருக்கு, தாத்தா கோவம் போயிருச்சா" என்று கேட்டாராம்.

எனக்கு அப்போது ஊரெங்கும் இங்கிலீஷ் கெட்டுப்போவதாகத் தோன்றிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டல் போர்டு, ஜெராக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கம், எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சர்க்குலரே தப்பாகத்தான் வந்தது. பென்சிலால் திருத்துவேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று ரப்பரால் அழித்துவிடுவேன். ஒருநாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். புது டெய்லர் கடை போர்டில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்றேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "சட்டை ஒழுங்காத் தைக்கானா?" தைக்கிறான் என்றேன். "பொறவு என்ன?" என்றார்.

அந்தப் பதிலுக்கு ஒரு மறுபதில் எனக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கல்கத்தாவில் துணி வாங்கும் வியாபாரிக்கு அவர் எழுதும் கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். வியாபாரக் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குக் கல்லூரியில் ஒரு பாடமே உண்டு. அக்காவின் கடிதம் 'டியர் பிரதர்' என்று தொடங்கும். உங்கள் அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது, இங்கே மழை, வெள்ளிக்கிழமை லாரியில் துணிப் பேல் ஏறும், பணம் சீக்கிரம் அனுப்பாவிட்டால் என் வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார். அவ்வளவுதான். கல்கத்தாவிலிருந்து வரும் பதிலிலும் அதே அளவு தப்பு இருக்கும். முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெயின் பெயர் இருக்கும். பணமும் வரும். இரண்டு பக்கமும் தப்பாக எழுதி, இரண்டு பக்கமும் சரியாகப் புரிந்துகொண்டு, நடுவில் லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் அது நடந்தது. அவளுக்கு இடது கைப்பழக்கம். அந்த வருடம் வந்த டீச்சர் அதை மாற்றியே தீருவது என்று இறங்கினார். முதலில் அடி. பிறகு ஒரு கைக்குட்டையால் பிள்ளையின் இடது மணிக்கட்டை யூனிபார்ம் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டினார். எழுதுகிற பாடம் எல்லாம் முடிகிறவரை அப்படியே. வீட்டுக்கு வந்தவள் வலது கையால் தம்ளரைப் பிடிக்கப் பார்த்துப் பாலைக் கொட்டினாள். தட்டில் சோறு வைத்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கையை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கோபப்பட்டார். நேரில் போய்க் கேள் என்றார். அனுமதி இல்லாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள், அனுமதிக்கும் டைரியில்தான் எழுத வேண்டும் என்றேன். "அப்ப எழுது. அதுக்குத்தான படிச்சிருக்க" என்றுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் மிக நல்ல கடிதம் என்று இப்போதும் சொல்வேன். டைரியில் இடம் போதாது என்று தனித் தாளில் எழுதினேன். எழுதி, மூடி வைத்து, காலையில் பார்த்தேன். 'கட்டினார்' என்ற சொல் கடுமையாக இருந்தது. மாற்றினேன். மாற்றியது மழுப்பலாக இருந்தது. மறுநாளும் வைத்தேன். அந்த நாட்களில் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் வார முடிவில் அனுப்பினேன். முதல் பத்தியில் பள்ளியின் கட்டுப்பாட்டையும் ஆசிரியர்களின் உழைப்பையும் பற்றி எழுதியிருந்தேன். இரண்டாவதில் சில குழந்தைகளின் இயல்பு பற்றி. மூன்றாவதில்தான் கை.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வந்து சொன்னாள். "அம்மா, நீ எழுதுனதை கண்ணாடி போர்டுல ஒட்டிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தலைமை ஆசிரியை முதல் பத்தியைப் படித்திருக்கிறார். சந்தோஷம் தாங்கவில்லை. பெற்றோரின் பாராட்டு என்று, முதல் பத்தி மட்டும் தெரியும்படி தாளை மடித்து நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார். வகுப்பு டீச்சர் என் மகளை எழுப்பி நிற்கவைத்து, உன் அம்மா எவ்வளவு அழகான இங்கிலீஷ் எழுதுகிறார் பார், வலது கையால் எழுதிப் பழகினால் நீயும் அப்படி வருவாய் என்று சொல்லி, வழக்கம்போல் கட்டினார்.

அன்று சாயங்காலமே அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியை முதலில் கொண்டுவரலாமா, அது மரியாதைக் குறைவாகத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் டைரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதைப் பார்த்தேன்.

"எங்க போற?"

"மாடிப் பெரியம்மாட்ட."

"அம்மா எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ எழுதினா மிஸ் சிரிக்காங்கம்மா. பெரியம்மா எழுதட்டும்" என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளை. என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் அந்த இடத்தில் எனக்கு வந்தது பிள்ளையின் கையைப் பற்றிய கவலை மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. மாடியில் அந்த அக்கா இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பின்னாலேயே படியேறிப் போனேன். அக்கா அடுப்படியில் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "வலிக்குதாட்டி?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அக்கா கையைப் புடவையில் துடைத்து, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, டிரம் மூடியில் டைரியை வைத்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

'மேடம், மை சைல்டு ரைட்டிங் லெஃப்ட் ஹேண்ட் ஒன்லி. காட் கிவ். யூ டை ஹேண்ட், ஷி நாட் ஈட்டிங், ஐ ஆல்ஸோ நாட் ஈட்டிங். டுமாரோ யூ டை மீன்ஸ் ஐ வில் கம் அண்ட் சிட் இன் கிளாஸ் ஃபுல் டே. யூ டை மை ஹேண்ட் ஆல்ஸோ. தேங்க்கிங் யூ. யுவர்ஸ் ஒபீடியன்ட்லி, மதர்.'

ஃபூ என்று ஊதினார். டைரியை மூடினார்.

"அக்கா, ஒருதரம் படிச்சுப் பாத்துட்டுக் கொடுங்க" என்றேன். குரலில் இருந்தது மரியாதைதான் என்று நினைக்கிறேன். "அதுல கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கு."

"படிச்சா கிழிச்சிருவேன்ட்டி" என்றார். "எனக்கே வெக்கமாப் போயிரும். கிழிச்சுட்டா பொறவு யாரு எழுதுதது? அதான் படிக்கிறதில்ல."

திரும்ப மாவைக் கரைக்கப் போய்விட்டார். எனக்கு அந்த டைரியில் ஒரே ஒரு வரிதான் கண்ணுக்குள் நின்றது. நானும் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாரே, அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. என்னுடைய மூன்று பத்தியில் எங்கேயும் அது இல்லை. என் கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய வரியை அவர் என் பெயரில் எழுதிவிட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் பிள்ளையின் கை கட்டப்படவில்லை. அதற்குப் பிறகும் கட்டப்படவில்லை. அக்கா எழுதியதற்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் ஓ.கே. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சாயங்காலம் மகள் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து, என்னைத் தாண்டி, மாடிப்படிக்கு ஓடினாள். டைரியைக் காட்ட.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தார். நான்தான் டைரியை எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய கடிதத்தின் நகலையும் கூடவே வைத்தேன். நியாயம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும் அல்லவா?

அவர் டைரியைப் படித்தார். பிறகுதான் அந்தச் சிரிப்பு. அவர் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. "யூ டை மை ஹேண்ட் ஆல்ஸோ" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மறுபடி சிரித்தார். யாரம்மா இதை எழுதியது, கூப்பிடு என்றார். அக்கா இறங்கி வந்தார். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை இருவரும். அப்பா அவருடைய சொந்த ஊர் எது என்று கேட்டார். சோழபுரம் என்றார். அந்த ஊர்ப் பக்கம் மழை எப்படி, பருத்தி எப்படி என்று செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவரை 'அம்மா' என்று கூப்பிட்டார்.

கிளம்பும்போது நான் கேட்டேன். "என்னோட லெட்டர் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். நல்லா இருக்கு. ரெண்டாவது பத்தியில ஒரு கமா கூடுதல்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் ஜன்னலில் உட்கார்ந்த பிறகும் அவர் உதடு எதையோ சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த இங்கிலீஷைக் கண்டு சிரித்தாரா, அந்தத் தைரியத்தைக் கண்டு சிரித்தாரா, அல்லது வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்காக மூன்று பத்தி எழுதிய மனிதருக்கு அது ஏதோ ஒரு விடுதலையா? வருடங்கள் கழித்துக் கேட்டேன். "எந்த லெட்டர்?" என்றார். மறந்திருக்கலாம். மறைக்கவும் செய்யலாம்.

அதன் பிறகு என் மகள் பள்ளிவிட்டு வந்தால் மாடியில்தான். அக்கா மிச்சமான பில் தாள்களின் பின்பக்கத்தை அவளுக்கு எழுதக் கொடுப்பார். எந்தக் கையால் எழுதுகிறாய், என்ன எழுதுகிறாய் என்று ஒன்றும் கேட்கமாட்டார். எங்கள் அடுப்படிக்கு நேர் மேலே அவர்களுடைய அடுப்படி. நான் கீழே காய் நறுக்குவேன். மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். கூப்பிட வேண்டும் என்பதற்காகவே பால் ஆறுகிறது என்று கூப்பிட்டிருக்கிறேன். வருவாள். குடித்துவிட்டுத் திரும்பப் போய்விடுவாள்.

எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கொடுப்பதற்கு ஒருநாள் அக்கா படுவார் என்று நான் உள்ளுக்குள் காத்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டார். கல்கத்தாவுக்கும் கான்பூருக்கும் ஒரே நாளில் எழுதிய கடிதங்களை உறை மாற்றிப் போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே துணிக்கு இரண்டு ஊருக்கும் இரண்டு விலை சொல்லியிருந்தது இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது. கான்பூர்க்காரர் கோபித்துக்கொண்டு கொள்முதலையே நிறுத்திவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் போட்ட சத்தம் எங்கள் கூரை வழியாக இறங்கியது. அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் கோலம் போட்டுக்கொண்டே மாடிப்படியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். டைரிக்காரர்கள் வந்தார்கள். அக்கா கண் வீங்கித்தான் இருந்தார். கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார். இனிமேலாவது படித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். எழுதினார், ஊதினார், கொடுத்தார். நேற்றைக்கு எந்த வேகமோ அதே வேகம்.

அங்கேதான் எனக்குத் தோற்றுப்போனது போல் ஆனது. அவருடைய இங்கிலீஷ் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அதை நான் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவேன். ஒரு தப்புக்காக அவ்வளவு திட்டு வாங்கிய மறுநாள், தயங்காமல் அடுத்த வரியை எழுத முடிகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது தைரியமா, அலட்சியமா என்றும் எனக்குத் தெரியவில்லை. கான்பூர்க்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் அலட்சியம்தான்.

தொழில் அதற்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்தது. ஒரு வருடத்தில் அவர்கள் ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்று காபி கொடுக்கப் போனேன். அக்கா காலி வீட்டுத் தரையில் உட்கார்ந்து காபியை ஆற்றினார்.

"ஒன் லெட்டரை நான் படிச்சிருக்கேன், தெரியுமா?" என்றார்.

எந்தக் கடிதம் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்து போர்டுல குத்தியிருந்துச்சே, அது. எம் பையனுக்குச் சோறு கொடுக்கப் போனப்போ வாட்ச்மேன் உள்ள விட்டான், கண்ணாடியைத் திறந்து மடிப்பைப் பிரிச்சு நின்னு படிச்சேன். எம்புட்டு நல்லா எழுதிருக்க. படிச்சுக்கிட்டே வாரேன், வாரேன், விசயம் வருதான்னு பாக்கேன், அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சுட்டி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? என் மகள் லாரி திரும்புகிற முக்குவரை ஓடிப்போய் நின்றாள். வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர்கள் போனதற்கு நான் காரணம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் பேசவில்லை.

இப்போது அவள் ஆறாம் வகுப்பை முடித்திருக்கிறாள். இடது கையால்தான் எழுதுகிறாள், கிறுகிறுவென்று. எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய காம்போசிஷன் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் தப்பு இருக்கிறது. டீச்சர் எல்லாவற்றுக்கும் சரி போட்டு 'குட்' என்று எழுதியிருக்கிறார். டீச்சருக்கே அது தப்பென்று தெரியவில்லையோ, தெரிந்தும் நேரமில்லையோ. நான்காம் வகுப்பில் ஒருமுறை அவளுடைய கட்டுரையை உட்கார்த்திவைத்துத் திருத்தினேன். மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். அதன் பிறகு எழுதுவது எதையும் என்னிடம் காட்டுவதை விட்டுவிட்டாள். நான் பக்கத்தில் போனால் வலது கையை வளைத்து நோட்டை மறைத்துக்கொள்கிறாள்.

ஏப்ரலில் பரீட்சை நடந்தபோது, ஹாலில் வலது பக்கம் மட்டும் பலகை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்களாம். உடம்பைத் திருகிக்கொண்டு எழுதிக் கழுத்து வலி என்று வந்தாள். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, நானே எழுதிக்கிடுதேன்" என்றாள். தலைமை ஆசிரியைக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் நாளே கொடுக்கப் போகிறாளாம். உறையில் போட்டு, அவள் மேசை டிராயரில் வைக்காமல், ஹாலில் நான் துணி மடிக்கிற மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனாள்.

படித்தேன். ஒரே பத்தி. தப்பில்லாத வரி குறைவு. ஆனால் கழுத்து எந்த இடத்தில் வலித்தது, பக்கத்துப் பெண் எப்படி இடித்தாள், எந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுத முடியாமல் போனது எல்லாம் இருக்கிறது. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'மை மதர் இங்கிலீஷ் இஸ் வெரி குட், பட் திஸ் இஸ் மை நெக்.'

இது புதுத் தலைமை ஆசிரியை. கண்டிப்பானவர் என்கிறார்கள். பிள்ளைகள் எழுதியதைப் பிரேயரில் படித்துக் காட்டி, தப்புகளைச் சொல்லிக் கேலி செய்வார் என்றும் கேள்வி. என் மகளை அப்படி நிறுத்திவைத்தால்? நான் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில், அவள் எழுத்தைப் போலவே எழுதி, வேறு தாளில் சரிசெய்துவிடலாம். ஆனால் திருத்திய கடிதத்தைப் படிக்கிறவருக்கு அந்தக் கழுத்து வலிக்குமா என்று தெரியவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டால் இனி எதையும் மேசைமேல் வைக்கமாட்டாள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. கடிதம் அங்கேயேதான் கிடக்கிறது. அவள் அதை எடுக்கவும் இல்லை, உறையை ஒட்டவும் இல்லை. இதைப் படிக்கிற தாய்மார்களில் யாராவது எனக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தப்பிருந்தாலும் பரவாயில்லை. எழுதியதை யாருக்கும் காட்டாத ஒரு பிள்ளை, உறையை ஒட்டாமல், அம்மா தினமும் துணி மடிக்கிற மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் அது மறதிதானா? இல்லை, ஒருதரம் படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அங்கேயே வைக்கிறேனா என்று பார்க்கிறாளா?